ஐந்து தளம், நான்கு வருடம்

பன்னிரண்டு மணிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இப்போது மணி பதினொன்றே கால், திரையில் மூன்று பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, தலையில் தொடக்கம், வளர்ச்சி, வரம்பில்லாதது என்று எழுதிக்கொண்டு, மூன்றின் அடியிலும் ஒரே ஆரஞ்சு நிறப் பட்டன். தொடக்கத்தில் ஒரு வலைத்தளம் வைத்துக்கொள்ளலாம், வளர்ச்சியில் மூன்று, வரம்பில்லாததில் எத்தனை வேண்டுமானாலும், ஆனால் அந்த வரம்பில்லாததற்குத் தோளில் ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கிறது, நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு கீழே போனால் எறும்பு எழுத்தில் வரம்புகள் ஒரு பக்கத்துக்கு ஓடுகின்றன. முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் கணக்கெடுத்தவன் நான், ஈரோட்டில் எந்தச் சந்தில் எந்த மீட்டர் ஓடாமல் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் இந்த மூன்று பெட்டிகளின் முன்னால் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு இழவும் விளங்கவில்லை. விளங்காததைப் பற்றிப் பரவாயில்லை. வீட்டுக்காரி கோகிலவாணி போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் குடைகிறது. அவள் பூனாவில் இருக்கிறாள், மகள் சிந்துஜாவுக்குப் பிரசவமாகி இருபது நாள், பேரக்குழந்தையை விட்டு அவளால் கம்ப்யூட்டர் பக்கம் போக முடியவில்லை. அவளுடைய வலைப்பூக்களுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி பழைய திட்டத்தை இன்று மத்தியானத்தோடு மூடுகிறது, புதிதாக ஒன்றை எடுக்காவிட்டால் இத்தனை வருடம் அவள் எழுதியதெல்லாம் போய்விடும். அது புரிந்தது. பாஸ்வேர்டு சொன்னாள், எழுதிக்கொண்டேன். "அஞ்சு இருக்குதுங்க. அஞ்சும் வேணுமா, மூனு போதுமா, எது இருக்கோணும் எது போகோணும், நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றாள். நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. கடுகு டப்பாவை இடம் மாற்றி வைத்தால்கூட யாரைக் கேட்டு வெச்சீங்க என்கிறவள், அவள் எழுத்தில் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று ஊரெல்லாம் நம்புகிற என்னிடம், எது போகவேண்டும் என்று கேட்கிறாள். ஏன் என்னிடம்?

குக்கரில் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு அரிசிம்பருப்பு வைத்திருக்கிறேன். மூன்று விசில், அப்புறம் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், திறக்கக் கூடாது, அதையும் அவள்தான் சொன்னாள். ஒரு விசில் வந்ததா இன்னும் வரவில்லையா என்று காது அடுப்படியிலும் கண் திரையிலுமாக இருக்கிறேன். பாஸ்வேர்டைப் போட்டு நேற்று உள்ளே வந்தேன். வீட்டுக்காரி வெளியூர் போயிருக்கும்போது அவளுடைய பீரோவைத் திறக்கிற மாதிரி இருந்தது, சாவியை அவளே கொடுத்திருந்தாலும். ஐந்து பெயர்களும் வரிசையாக வந்தன. அடுப்படி அரட்டை. ஊசிநூல். கட்டம். தொட்டிச்செடி. ஐந்தாவது, புதுசு. அதற்குப் பெயரே அதுதான், புதுசு, திறந்து பார்த்தால் ஒரு பதிவும் இல்லை, வெறும் முகப்பு, அதில் ஒரு ஜன்னல் படம். சரி, ஒன்று காலி, மிச்சம் நான்கு, வளர்ச்சித் திட்டத்தில் மூன்று, ஆக ஒன்றைக் கழித்தால் முடிந்தது. கழிக்க வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். நேற்றே தெரியும். பெயரைப் பார்த்த அந்த நொடியே தெரியும், அதனால்தான் இரவு சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில், பதினைந்து வருடம் இருக்கும், எல்லாரும் வலைப்பூ எழுதினார்கள். புருசனைப் பற்றி எழுதுகிற பெண்கள் பெயரைச் சொல்லாமல் ரங்கமணி என்பார்கள், பொண்டாட்டியைப் பற்றி எழுதுகிற ஆண்கள் தங்கமணி என்பார்கள், ஒரு பதிவு வந்தவுடன் ஓடிப்போய் முதல் பின்னூட்டம் போடுகிறவன் வடை எனக்கே என்று எழுதுவான், முதலில் வந்தவனுக்கு வடை கிடைத்ததாகக் கணக்கு, இரண்டாவது வந்தவன் வடை போச்சே என்று ஒப்பாரி வைப்பான். பெயர் சொல்லாமல் திட்டிவிட்டுப் போகிறவன் அனானி. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால் ஆபீசில் மதியரசு என்று ஒரு பையன் சீட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான், சார் இதைப் படிங்க, நம்ம ஊர்க்காரம்மா போல, என்றான், தலையில் அடுப்படி அரட்டை என்று இருந்தது, படித்தேன். எங்க வீட்டு ரங்கமணி யாராவது ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார், ஐந்துக்குள் மூட வேண்டும், மாதம் பிறந்தால் ஊர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டு மீட்டரைப் பார்ப்பார், யூனிட் ஏறியிருந்தால் அன்றைக்கு மின்விசிறிக்கும் விரதம். ஈரோட்டில் இப்படி எண்ணுகிறவன் ஒருத்தன்தான், அவன் மதியரசுவுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள். கோபம் வந்ததா, அவமானமா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தேன், அவள் அடுப்படியில் இருந்தாள், முன்னறையில் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது, மோடத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, ஒற்றை விரலில் தட்டித் தட்டி எழுதினேன். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வருவதுதான் குடும்பப் பெண்ணுக்கு அழகா? அனானி. அரை மணி நேரம் கழித்து அவள் உட்கார்ந்து பதில் போட்டாள். அதை மறுநாள் ஆபீசில் படித்தேன். அனானி அண்ணா, முதல் வருகைக்கு நன்றி, வடை தீர்ந்துவிட்டது, காபி தரட்டுமா?

விசில். ஒன்று. இல்லை, இது இரண்டா? முதலாவது அந்தப் பச்சை விளக்கை நினைத்துக்கொண்டிருந்தபோது வந்த மாதிரி ஒரு ஞாபகம். ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன். போன் அடிக்கிறது, அந்தக் கம்பெனியிலிருந்து ரெஜினா என்று ஒரு பெண், நான் காலையில் உதவி வேண்டும் என்று ஒரு பட்டனை அழுத்தியிருந்தேனாம். "சார், தண்டபாணி சாருங்களா? எத்தனை சைட் சார் வெச்சிருக்கீங்க?" அஞ்சும்மா, ஒன்னு காலி. "அப்ப நாலு. மூனுக்கு வளர்ச்சி சரியா வரும் சார், நாலுக்கு வரம்பில்லாதது எடுக்கணும். ஒரு சைட் உங்களுக்குத் தேவையில்லன்னா மூனோட நிறுத்திக்கலாம். விட்டது விட்டதுதான் சார், அப்புறம் திரும்ப எடுக்க முடியாது." விட்டது விட்டதுதானா, என்றேன், என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது. "ஆமா சார், பழைய திட்டத்துல பன்னெண்டு மணிக்கு எல்லாம் அழிஞ்சிரும். வரம்பில்லாததுலயும் ஃபைல் எண்ணிக்கைக்கு ஒரு அளவு இருக்கு சார், அதனால பின்னூட்டம், படம் எல்லாம் எவ்ளோ இருக்குன்னு ஒருவாட்டி உள்ள போய்ப் பாத்துருங்க, நான் பதினஞ்சு நிமிசத்துல கூப்பிடறேன்." உள்ளே போய்ப் பார்க்க வேண்டாம் என்றுதான் நான் நேற்றிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது.

வாணி ஊசிநூல் தொடங்கியபோது அங்கேயும் போனேன். அடுப்படியில் என் உபத்திரவம் தாங்காமல்தான் அவள் தனியாக இன்னொன்று தொடங்கினாள் என்று அப்போது நினைத்து உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எப்பேர்ப்பட்ட வீரன். ரவிக்கைக் கை அளவு தப்பு என்று எழுதினேன், எனக்கு ரவிக்கையைப் பற்றி என்ன தெரியும், ஆனால் அளவு எனக்குத் தெரியும், கூட்டிப் பார்த்தால் அரை அங்குலம் உதைத்தது. அண்ணா சொன்னது சரி, திருத்திவிட்டேன் என்று பதில். சரி என்று என்னிடம் அவள் வீட்டில் சொன்னதே கிடையாது. வீட்டில் நாங்கள் பேசியது மொத்தம் நாலு வாக்கியம்தான், சாப்பாடு ஆச்சா, கேஸ் வந்துச்சா, சிந்துவுக்கு ஃபீஸ் கட்டியாச்சா, விளக்கை அணை. அனானியிடம் அவள் பத்து வரி எழுதுவாள். ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மதியரசுவின் கம்ப்யூட்டரில் பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், வந்திருந்தால் அன்றைக்கு ஐம்பது வீடு மாடி ஏறி இறங்கினாலும் கால் வலிக்காது. மூன்றாவது, கட்டம், குறுக்கெழுத்துப் போடுகிற தளம், அதில் நான் திட்டவே இல்லை. விடைதான் அனுப்பினேன். ஏழு வாரம் முதல் விடை என்னுடையது. அனானி அண்ணாவுக்கு ஏழாவது வடை என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு வீட்டில் வடை சுட்டிருந்தாள், உளுந்து வடை, என்ன விசேஷம் என்று கேட்டேன், சும்மாதாங்க என்றாள். சும்மாதான்.

அப்புறம் தொட்டிச்செடி. அதை யோசிக்கக் கூடாது, ஃபைல் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டும், ஆனால் பட்டியலில் அந்தத் தளம்தான் கண்ணில் படுகிறது, அதில் ஒரே பதிவுக்கு முப்பத்தொரு பின்னூட்டம். அவள் அம்மா கொடுத்த கனகாம்பரத் தொட்டியைப் பற்றிய பதிவு. கோபிசெட்டிபாளையத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், இவள் போகவேண்டும் என்றாள், மாசக் கடைசி, எனக்குக் கணக்கெடுப்பு, சிந்துவுக்குப் பரீட்சை, ரெண்டு நாள் கழிச்சுப் போ என்றேன், சாதாரணமாகத்தான் சொன்னேன், பேப்பர் படித்துக்கொண்டே சொன்னேன். ரெண்டு நாள் கழித்துப் போனாள், கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பதிவில் அவள் என்னைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. ரங்கமணி என்றுகூட எழுதவில்லை. ரெண்டு நாள் கழித்துப் போ என்றார்கள், போனேன், தொட்டியில் பூ இருந்தது, என்று மட்டும் எழுதியிருந்தாள். என்றார்கள். அந்த 'ஆர்கள்' என்பதற்குள் நான் ஒருத்தன்தான் இருந்தேன். அதைப் படித்தபோது அழுதிருக்க வேண்டும், எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பத்தடி தூரத்தில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன். ஒற்றை விரலில் தட்டினேன். செத்தவங்களை வெச்சும் பதிவு தேத்தணுமா. அனானி. தட்டி முடித்ததும் அழிக்கலாம் என்றால் எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. மறுநாளைக்குள் முப்பது பேர் வந்து அனானியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவள் மட்டும் பதில் போடவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். அனானி அதோடு செத்தான். நல்லவேளை அவளுக்குத் தெரியாது என்று இத்தனை வருடம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு எனக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றியிருப்பாளா.

இப்போது அந்தப் பின்னூட்டம் என் கண் முன்னால் இருக்கிறது, பட்டியலில், உள்ளே இருந்து பார்ப்பதால் அதன் பக்கத்தில் குப்பைக்கு என்று சிவப்பில் ஒரு வார்த்தை. ஒரு சொடுக்கு. அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் நான்கு தளமும் இருக்கலாமே, எதற்கு அவள் அம்மாவைப் பற்றி எழுதியதைக் கொல்ல வேண்டும், ஆனால் அந்த ஒன்றை எடுத்தால் கீழே முப்பது பேர் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்பார்கள், அதைவிட, அது மட்டும் காணாமல் போயிருந்தால் உள்ளே போனது யார், சாவி யாரிடம் இருந்தது, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முழுத் தளமும் போனால் திட்டத்தின் மேல் பழியைப் போடலாம், மூனுதான் குடுத்தாங்க வாணி என்று. விட்டது விட்டதுதான். பெயருக்கு அடியில் ஏதோ சின்ன எண்கள், நான்கு நான்காகப் புள்ளி வைத்து, எல்லாப் பின்னூட்டத்துக்கும் இருக்கிறது. இதையும் ஃபைல் கணக்கில் சேர்க்க வேண்டுமோ என்னவோ. போன். "பாத்தீங்களா சார்?" பார்த்தேம்மா, இந்தப் பேருக்குக் கீழ நம்பர் நம்பரா இருக்குதே, அது என்ன? "அது ஐபி சார். எந்தக் கனெக்சன்ல இருந்து வந்துச்சுன்னு காட்டும். சைட்டுக்குச் சொந்தக்காரங்களுக்கு மட்டும் தெரியும், வெளிய யாருக்கும் தெரியாது." கனெக்சன்னா? "நெட் கனெக்சன் சார். ஈபில சர்வீஸ் நம்பர் இருக்கும்ல, அந்த மாதிரி." அந்தப் பெண்ணுக்கு நான் யார் என்று தெரியாது. இருந்தும் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

சர்வீஸ் நம்பர். முப்பத்தொரு வருடம் அதுதான் என் பிழைப்பு. ஆள் பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், எண்ணைச் சொன்னால் எந்தத் தெரு எந்த மாடி என்று போய் நிற்பேன். போனை வைத்துவிட்டு எண்களைப் படித்தேன், மீட்டர் படிக்கிற மாதிரி, இடமிருந்து வலமாக, விரல் வைத்து. வடை எனக்கே என்று எழுதியவனுக்கு ஒரு எண். வடை போச்சே என்றவனுக்கு வேறு எண். அனானிக்கு ஒரு எண். அதற்கு நேர் கீழே அனானி அண்ணா காபி தரட்டுமா என்கிற கோகிலவாணிக்கு, அதே எண். ஊசிநூலுக்குப் போனேன், எண் மாறியிருந்தது, மாறினால் இருவருக்கும் சேர்ந்து மாறியிருந்தது. கட்டத்தில் ஏழு வாரம், ஏழு சோடி. ஒரே வீடு, ஒரே மோடம், ஒரே பச்சை விளக்கு. ஊரான் வீட்டில் ஒரு கம்பி கூடுதலாக ஓடினால் கண்டுபிடிக்கிற எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே. காபி தரட்டுமா என்று எழுதிவிட்டு அன்று எழுந்து வந்தாள், வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, காபி வேணுங்களா என்று கேட்டாள், ஐயோ, கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். ஏழாவது வடை. சும்மாதாங்க. எல்லாவற்றையும் திரும்ப நடத்திப் பார்க்கிறேன், ஒவ்வொரு சாயங்காலமாக, ஒவ்வொன்றிலும் அவள் தெரிந்துகொண்டே தட்டு வைக்கிறாள். அப்படியென்றால் தொட்டிச்செடி. வேண்டாம். அங்கே அனானியின் எண்ணுக்குச் சோடி இல்லை, அவள் பதில் போடவில்லை, ஆனால் அந்தப் பதிவை அன்றைக்கு அவள் ஏற்றிய எண் மேலே இருக்கிறது, அதே எண்தான். தெரிந்துதான் ரசம் ஊற்றினாள். இரண்டாவது தடவை ஊற்றும்போது கரண்டி தட்டில் இடித்தது, இப்போதுதான் அந்தச் சத்தம் கேட்கிறது.

மணி பதினொன்றே முக்கால். விசில் வந்துகொண்டிருக்கிறது, எத்தனையாவது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. காலித் தளமாவது முதலில் கழியட்டும், அதிலாவது எனக்குப் பாவம் இல்லை என்று புதுசுக்குள் போனேன். வெளியில் காலி, உள்ளே வெளியிடாத வரைவு என்று ஒன்று இருந்தது. தலைப்பு மட்டும் இருந்தது, அனானி அண்ணாவுக்கு. அடியில் வெள்ளையாக ஒன்றுமில்லை. தேதி பார்த்தேன், தொட்டிச்செடிப் பதிவுக்கு ஐந்தாம் நாள். கடைசியாகத் திருத்தியது, போன மாதம், அவள் பூனாவுக்கு ரயில் ஏறிய அன்று காலை. பன்னிரண்டு வருடமாக ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடியிருக்கிறாள், ஒரு எழுத்து வைக்கவில்லை. இதற்கு வரம்பு எந்தத் திட்டத்தில் இருக்கிறது, எந்தப் பெட்டியில் இதைப் போடுவது. பயம்தான், வேறொன்றுமில்லை, அறுபத்திரண்டு வயதில் பொண்டாட்டிக்குப் பயந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். போன் மறுபடி அடித்தது, ரெஜினா என்று நினைத்து எடுத்தேன்.

"ஏனுங்க, எடுத்தாச்சுங்களா?" பின்னால் குழந்தை சிணுங்குகிறது, சிந்துஜா ஏதோ சொல்கிறாள். இன்னும் இல்லை என்றேன். "மணியாச்சுங்க." ஆச்சு. மூனு தளத்துத் திட்டம் ஒன்னு இருக்குது, அஞ்சுக்கு ஒன்னு இருக்குது, என்றேன், வரம்பில்லாததுன்னு பேரு, ஆனா நட்சத்திரம் போட்டிருக்கான். குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "உள்ள போய்ப் பாத்தீங்களா?" பாத்தேன். "எல்லாத்துலயுமா?" எல்லாத்துலயும். வாணி என்று கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை. "அப்பச் சரி," என்றாள், குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "அஞ்சும் இருக்கட்டுங்க. ஒரு பதில் பாக்கி கெடக்குது, அத எழுதோணும்."

எத்தனை வருசத்துக்குப் போட, என்றேன். இந்தக் கேள்வியைத்தான் கேட்க முடிந்தது. திரையில் ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்று வட்டங்கள் இருந்தன. "எத்தனை வரைக்கும் குடுக்கறாங்க?" நாலு. "நாலே போடுங்க," என்றாள், "யோசிச்சுத்தான எழுதோணும்." போட்டேன். ஆரஞ்சுப் பட்டனை அழுத்தினேன், ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அடுப்படியிலிருந்து பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை மெல்ல முன்னறைக்கு வந்தது.

"விசில் எத்தனை வந்துச்சுங்க?"

எண்ணல வாணி, என்றேன்.